ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர்

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த இசைவிழாவுக்கு முதன்முதலாகப் போனபோது டிக்கெட் ஒரு நல்ல குழாயின் விலை. அவர் பிளம்பர், எதையும் தன் தொழிலை வைத்துத்தான் அளக்க வரும். பிறகு அது ஷவர் விலையானது, வாஷ்பேசின் விலையானது. இந்த வருடம் தண்ணீர் ஹீட்டரின் விலை. அதுவும் தலைக்கு ஒன்று.

"ஹீட்டர் பத்து வருஷம் உழைக்கும். பாட்டு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்," என்றார் மனைவியிடம்.

"ஹீட்டரைப் பார்த்து என்னைக்காவது கண்ணு கலங்கியிருக்கீங்களா?"

"ஒரு தடவை. அது வெடிச்சப்ப."

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கையில் நரம்பு தேடுகிறவள். பேச்சிலும் அதே கைப்பக்குவம், குத்தியதே தெரியாது. இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். விழாவில் அவள் சும்மா நின்று பாட்டுக் கேட்டதே இல்லை. அவர் காதில் வர்ணனை ஓடிக்கொண்டே இருக்கும். டிரம்ஸ்காரருக்குப் பல்வலி, பின்னால் நின்று பாடுகிறவர் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசிக்கிறார், இப்படி. "கொடுத்த காசுக்குப் பாட்டைக் கேக்க விடும்மா," என்று அவர் பதினோரு வருடமாக அலுத்துக்கொள்கிறார்.

அந்த அலுப்பிலிருந்துதான் யோசனை பிறந்தது.

"நீ பேசுறதுல எனக்கு எப்பவும் பாதிப் பாட்டுதான் காதுல விழுது. பாதிக்கு எதுக்கு முழு டிக்கெட்? ஒண்ணே ஒண்ணு வாங்குவோம். நாலு மணி வரைக்கும் நீ, அப்புறம் நான்."

காசு இல்லாமல் இல்லை. அந்த மாதம்தான் ஓர் அடுக்குமாடி வேலை முடிந்து கை நிறைய வந்திருந்தது. ஆனால் மனிதருக்குத் தன் சாமர்த்தியத்தைக் காட்டியாக வேண்டியிருந்தது.

"அந்தம்மா சாயங்காலம்தானே பாடுவாங்க?" என்று கேட்டாள். இருவருக்கும் பிடித்த பாடகி. அந்தப் பாடகிக்காகத்தான் வருடா வருடம் போவதே.

"ஆமா, கடைசியில."

"சரி. அவங்களை நீங்களே கேளுங்க."

அந்தச் 'சரி'யில் ஏதோ கசிந்தது. கசிவு கண்டுபிடிப்பதே பிழைப்பு என்றாலும் அவர் கண்ணில் அது படவில்லை.

டிக்கெட்டைக் காட்டினால் வாசலில் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை மாட்டுவார்கள். பட்டை இருந்தால் வெளியே போய்த் திரும்பி வரலாம். அதை அவள் கையிலிருந்து தன் கைக்கு மாற்றுவதுதான் திட்டம். ஆனால் அதிலுள்ள பிளாஸ்டிக் மணி இறுக்கும், தளர்த்தாது. சோப்பு இருந்தால் உலகத்தில் எதுவும் வழுக்கும் என்பது அவர் கட்சி. குழாய் மாட்டும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை அவள் கையில் போட்டு, சோப்பு தடவி, வெண்ணெய் மாதிரி உருவிக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் இது அரை அங்குலக் குழாய், இது முக்கால் என்று சொல்லிவிடுகிற மனிதர் ஒன்றை மட்டும் அளக்க மறந்தார். தன் கையை.

விழா நாளில் அவள் வாசலில் கெஞ்சிப் பட்டையைக் கொஞ்சம் தளர்வாகவே போட்டுக்கொண்டாள். நாலு மணிக்கு மைதானத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாயடியில் அவர் சோப்புப் புட்டியோடு காத்திருந்தார். பட்டை அவள் கையிலிருந்து அலுங்காமல் வந்தது. அவர் கையில் கட்டைவிரல் முட்டியோடு நின்றது. ஸ்பானர் பிடித்துப் பிடித்துப் பருத்த கை. தள்ளினார், முறுக்கினார், மூச்சைப் பிடித்தார். சோப்பு தீர்ந்தது. தோலும் கொஞ்சம் தீர்ந்தது.

"மூச்சைப் பிடிச்சா கை சின்னதாகுமாங்க?" அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினார். காலைவரை இருந்ததாம். இப்போது 'முடிந்தது' என்ற அட்டைதான் தொங்கியது. உள்ளே பாடகியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கூட்டம் அலறியது.

"வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள். "நீங்க இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்ண?"

அப்போது அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஹீட்டர் விலை கொடுத்திருக்கு, போ," என்றார்.

அவள் பட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனாள்.

அவர் தகர வேலிக்கு வெளியே உட்கார்ந்தார். பாட்டு வரவில்லை. காற்று அடைத்த குழாய் சுவரில் அடித்துக்கொள்வது போல வெறும் தடதடப்புதான் வந்தது. அதையே பாட்டு என்று வைத்துக்கொண்டு காதைத் தீட்டினார். நடுவில் உள்ளே ஆயிரம் பேர் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கு என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. பாதிப் பாட்டு என்று அவர் குறைசொன்னது எவ்வளவு பெரிய பாதி என்று அப்போதுதான் உறைத்தது.

வெயில் சாயும் நேரத்தில் அவள் வந்தாள். முகம் கழுவிவிட்டது போல் இருந்தது. இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

"எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. அந்தம்மாவுக்குக் குரல் கொஞ்சம் தளர்ந்துடுச்சு. ஆனா அதுவும் நல்லாத்தான் இருந்தது."

"டிரம்ஸ்காரருக்குப் பல்வலி போயிடுச்சா?"

அவள் கையிலிருந்த பட்டையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது பாட்டுல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இந்தப் பக்கம் திரும்பினேன். தாடி வச்ச ஒருத்தர் நின்னுட்டிருந்தார். வாய் வரைக்கும் வந்துடுச்சா, அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

"அந்தாளு என்ன பண்ணான்?"

"சிரிச்சார். ரொம்ப நேரம் சிரிச்சார்."

"அப்படி என்ன சொன்னே?"

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறினாள்.

"மறந்துட்டேங்க."

போன வருடம் ஊசி குத்திக்கொண்டவருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைத்தது என்பதைக்கூட மறக்காதவள். அவர் மறுபடி கேட்கவில்லை. ஜன்னலோரம் அவளுக்கு விட்டுவிட்டு, காதை அவள் பக்கம் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள்.