மூன்று சதவீதக் காற்று

மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தம் காதைத் துளைத்தது. கீ... கீ... கீ... ஆராய்ச்சிக்காரி படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். அது அவளுடைய பெட்டியின் அலாரம்! பூட்டைத் திறந்து உள்ளே பாய்ந்தாள்.

செல் வளர்க்கும் பெட்டிகள் இரண்டு. இடப்பக்கத்துப் பெட்டியில் ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம், நாம் சுவாசிக்கும் காற்றைப் போல. வலப்பக்கத்தில் மூன்றுதான் இருக்க வேண்டும், தாயின் வயிற்றுக்குள் போல. இப்போது அங்கேயும் சிவப்பு எழுத்தில் இருபத்தொன்று மின்னியது.

அலாரத்தை அணைத்துவிட்டு, "போச்சு" என்று தரையிலேயே உட்கார்ந்தாள்.

உள்ளே இருந்தவை பிறக்காத எலிக்குட்டிகளின் நுரையீரல் செல்கள். வயிற்றுக்குள் இருக்கும்வரை நுரையீரல் முழுக்க நீர்தான். பிறந்து ஆக்சிஜன் ஏறியதும் செல்கள் சோடியத்தை மும்முரமாக இழுக்கத் தொடங்கும். சோடியம் போகிற பக்கம் நீரும் பின்னாலேயே போகும். அவசரப்பட்டுப் பிறக்கிற குழந்தைகளுக்கு அந்த இழுவை போதாமல் நெஞ்சில் நீர் தங்கிவிடலாம். முதிராத செல் விழித்துக்கொள்ள எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்? நாலு வருஷமாக இந்த ஒரு கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறாள். இன்று மூன்றிலிருந்து படிப்படியாக ஏற்றி, சோடியம் ஓட்டத்தை அளக்க வேண்டிய நாள். ராத்திரியே இருபத்தொன்றைப் பார்த்துவிட்ட செல்லில் இனி என்னத்தை அளப்பது? வேறு செல் கிடையாது. புதிதாக வளர்க்கவும் நாளில்லை; மாதக் கடைசியில் ஆய்வகத்துக்கே பூட்டு.

பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நைட்ரஜனைச் செலுத்தித்தான் ஆக்சிஜனைக் குறைப்பது. சிலிண்டர் நிறைந்திருந்தது. வால்வு இறுக மூடியிருந்தது.

சிலிண்டர்காரர் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வரும்போதே, "பிள்ளைங்க எழுந்தாச்சா? ஒண்ணாவது என்னை மாமான்னு கூப்பிடுதா பாருங்க" என்பார். செல்களைப் பிள்ளைங்க என்று சொல்லிக் கொடுத்ததே அவள்தான். இன்று அவர் கண் அந்தச் சிவப்பு எழுத்திலேயே இருந்தது.

"அண்ணா, நேத்து சாயங்காலம் சிலிண்டர் மாத்தினது நீங்கதானே?"

"ஆமா, டாக்டரம்மா."

"மாத்தினா வால்வைத் திறக்கணும்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்! நாலு வருஷ உழைப்பு, மொத்தமா மண்ணாப் போச்சு. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

"மறக்கல."

அவள் நிமிர்ந்தாள். நேற்றைய அதே சட்டை. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவிடும் பிளாஸ்டிக் பட்டை. அதில் 'குழந்தையின் தந்தை' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை என்று அவர் போன வாரம்தான் வெட்கத்தோடு சொல்லியிருந்தார்.

"அண்ணிக்கு ஏழாம் மாசம்தானே?"

"முந்தாநாளே பிறந்துட்டான். உள்ளங்கை அளவுதான் இருக்கான். நெஞ்சு பூரா தண்ணியாம். டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க."

அந்தத் தண்ணீர் ஏன் வற்றவில்லை என்ற கேள்விதானே பாழாய்ப்போன அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது! அவர் பெட்டியின் கண்ணாடிக் கதவை விரல் நுனியால் மெல்லத் தொட்டார்.

"நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்க வந்தேன். பார்த்தா இதுங்களுக்கு வெறும் மூணு காட்டுது... அவன்தான் மூச்சுக்கு அல்லாடுறான், இதுங்களாவது நல்லா மூச்சு விடட்டும்னு நானேதான் மூடினேன், டாக்டரம்மா."