வலது தோள்

அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடியாகிவிட்டது. மகன் மட்டும் இன்னும் நாற்காலிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தான். வாசலில் கிடந்ததைக் கூடத்துக்கு, கூடத்தில் கிடந்ததை வாசலுக்கு. எல்லாம் இடது கையால்.

"ஒரு இடத்துல உக்காரேன்டா," என்றாள் அக்கா. "வந்தவங்களுக்குத் தலை சுத்துது."

கிடங்கில் பீரோ சரிந்து அவன் வலது தோள் நொறுங்கி எட்டு மாதம். சுவரில் விரல்களை மேலே நடக்கவிடுவதுதான் பயிற்சி. ஏறிய உயரத்துக்கு அப்பா பென்சிலால் கோடு போடுவார். "எறும்பு உன்னைத் தாண்டிப் போயிடுச்சுடா" என்பார். எறும்பும் அவர் பேச்சைக் காப்பாற்றும்.

திங்கட்கிழமை அவனை வேலையில் சேர்ப்பதா, வீட்டோடு இருக்கச் சொல்வதா என்பது கிடங்கு மேஸ்திரி கையில். அவர்தான் இப்போது கிடங்கு ஆட்கள் நால்வரோடு வாசலில் நின்றார். துக்கம் கேட்க வந்தவர் மாதிரியும் இருந்தார், பரீட்சை வைக்க வந்தவர் மாதிரியும் இருந்தார்.

பெட்டியைத் தூக்கும் நேரம், மகன் முன்மூலைக்குப் போய் வலது தோளைக் கொடுத்தான்.

"வேணாம்டா, சும்மா கூட நட," என்றார் சித்தப்பா.

"அப்பா என்ன பெரிய கனமா?"

"பெட்டி கனம். இடது பக்கமாவது போ."

"மேஸ்திரி பாக்குறாரு சித்தப்பா," என்றான் உதடு அசையாமல்.

மேஸ்திரி அவனுக்குப் பின்னால் வந்து ஒட்டி நின்றார்.

தூக்கினார்கள். வாசலைத் தாண்டியதும் கிடங்கு வழக்கம் தானாக வந்துவிட்டது.

"படி ரெண்டு," என்றான் மகன்.

"படி ரெண்டு," என்றார்கள் பின்னால்.

"வளைவு."

"வளைவு. பாத்து, ஒடையுற சாமான்," என்ற ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று யாரும் கேட்கவில்லை.

கடைசி மேட்டில் தோள் எரியும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தான். எரியவில்லை. பெட்டி தோளுக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி வந்துகொண்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் காதை ஒட்டி நீண்டிருந்த இரண்டு முரட்டுக் கைகள் அதன் அடியைத் தாங்கியிருந்தன.

"மேஸ்திரி, விடுங்க. நான் தாங்குறேன்."

"நட."

"திங்கக்கிழமை..."

"முன்னாடி பாத்து நட."

மகன் சுமக்கிறவனைப் போலவே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு மேடேறினான்.