சோப்பு மணக்கும் குட்டிகள்

பாகலூர் சாலையில் லாரி அடித்துப் போட்ட தாயாட்டின் பக்கத்தை விட்டு இரண்டு குட்டிகளும் நகரவில்லை. தொப்புள்கொடிகூடக் காயாத குட்டிகள். மந்தைக்காரர் கர்நாடகப் பக்கத்து ஆள். இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும். களை வெட்டிவிட்டு வந்த செல்லியைக் கண்டதும், "தகொண்டு ஹோகம்மா, நன்ன கைலி ஆகல்ல," தூக்கிக்கொண்டு போம்மா, என்னால் ஆகாது என்று இரண்டையும் அவள் கையில் திணித்துவிட்டார்.

செல்லியும் ஒரு கணக்கோடுதான் வாங்கிக்கொண்டாள். வீட்டில் அவளுடைய ஒற்றைப் பெட்டையாடு வெள்ளச்சி, முந்தின நாள் செத்த குட்டி போட்டிருந்தது. மடியில் பால் கட்டிக் கல்லாக நின்றது. குட்டிகளை அதனோடு ஒட்ட வைத்துவிட்டால் மூன்றும் பிழைக்கும். இல்லாவிட்டால் குட்டிகள் விடியலைப் பார்க்காது.

கம்பெனியில் செக்யூரிட்டி வேலை முடிந்து வந்திருந்த புருஷன் சென்னப்பன் முகத்தைச் சுளித்தான்.

"ஊர்ல அநாதையா நிக்கிறதெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வரணுமா?"

செல்லி வெள்ளச்சிக்குத் தழை ஒடிக்கப் போனாள். திரும்பி வந்தால், குட்டிகள் வெள்ளை வெளேரென்று வெயிலில் நிற்கின்றன. பக்கத்தில் துண்டும் கையுமாகச் சென்னப்பன்.

"யோவ், என்னாய்யா பண்ண?"

"மேலெல்லாம் ரத்தம், டீசலு. அழுக்கா இருந்தா ஆடு கிட்ட சேக்காதுன்னு சுடுதண்ணி வெச்சிக் குளிப்பாட்டுனேன்."

"சோப்புப் போட்டியா?"

"பின்ன? நான் போடற சோப்புதான்."

"அய்யோ சாமி! மோந்து பாத்துதான்யா அது குட்டிய ஏத்துக்கும். உன் வாசன அடிச்சா உனக்கா அது பால் குடுக்கும்?"

சென்னப்பன் துண்டை உதறுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் சொன்னதுதான் நடந்தது. வெள்ளச்சி மோந்த மாத்திரத்தில் முட்டித் தள்ளியது. சின்னக் குட்டி உருண்டு போய் விழுந்தது.

செல்லி வெள்ளச்சியின் பாலையே கறந்து குட்டிகளின் முதுகிலும் வாலடியிலும் தேய்த்தாள். "குளிப்பாட்டுன மகராசனே, பட்டியில அது படுத்துக் கெடந்த ஈர வைக்கோல அள்ளிப் பூசு." சென்னப்பன் அள்ளி அள்ளிப் பூசினான். பெரிய குட்டியை வெள்ளச்சி அரைமனதாக விட்டது. சின்னதை மட்டும் கிட்ட அண்ட விடவில்லை. உதைத்தது.

கடைசியில் செல்லி ஆட்டின் தலையை மடியில் இடுக்கிக் கண்ணைப் பொத்தினாள். "இப்ப உடுய்யா." சின்னது காம்பைப் பிடித்துக்கொண்டது. அவள் கைக்குள் வெள்ளச்சியின் இமை படபடத்தது. இராத்திரி முழுக்கக் கத்திக் கத்தித் தன் குட்டியைத் தேடிய ஆடு. அதைப் போய் ஏமாற்றுகிறோமே என்றிருந்தது செல்லிக்கு.

"எத்தினி நாளைக்குக் கண்ணப் பொத்துவ?" என்றான் சென்னப்பன். "கைய எடு செல்லி. அதுவே பாக்கட்டும்."

"ஒதைச்சா செத்துப் பூடும்யா."

"நான் புடிச்சிக்கிறேன். எடு."

எடுத்தாள். வெள்ளச்சி கழுத்தைத் திருப்பி மோந்தது. பால், வைக்கோல், அதற்கும் அடியில் சோப்பு. ஒன்றும் மறையவில்லை. மறுபடியும் மோந்தது. பின்னங்காலைத் தூக்கியது. சென்னப்பன் கையை நீட்டினான்.

"கண்டுபுடிச்சிட்டா," என்றாள் செல்லி, மூச்சுக்குள்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே சின்னது எதையும் அறியாமல் வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. வெள்ளச்சி காலை மெல்லத் தரையில் ஊன்றியது.

"தெரிஞ்சிதான் உடறாளா?"

"அவளத்தான் கேக்கணும்," என்றான் அவன்.

வெள்ளச்சி குனிந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே, சின்னதின் முதுகை நக்கத் தொடங்கியது.