ஏழாம் படுக்கையின் மொழி

ஏழாம் படுக்கைக்காரர் காலையிலிருந்து காகிதத்தில் பெட்டி வரைந்துகொண்டிருந்தார். விடியற்காலையில் அவர் ஓட்டிவந்த லாரி மரத்தில் மோதியதில் தாடை உடைந்து, வாயை அசையவிடாமல் கட்டியிருந்தார்கள். வலது கை மாவுக்கட்டில். இடது கையால் கோணல்மாணலாக ஒரு பெட்டி போடுவார், பக்கத்தில் இன்னும் நாலு போடுவார், சன்னலுக்கு வெளியே வெயிலைக் காட்டுவார். நர்ஸ் திரையை இழுத்து வெயிலை மறைத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பதிவேட்டு அக்கா வந்தது அவருடைய பெயருக்காக. பதினோரு வருஷமாக அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சட்டைப்பையிலிருந்த காகிதங்கள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தன. அவர் என்ன மொழிக்காரர் என்பதே யாருக்கும் தெரியவில்லை.

"ஏதோ பெட்டி காணோம்னு தவிக்கிறார் போல அக்கா," என்றாள் நர்ஸ். "போலீஸ்ல கேட்டோம். வண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்குது, தார்ப்பாய் கட்டுனது கட்டுனபடி பத்திரமா இருக்குன்னாங்க."

அக்காவுக்கு அப்போதுதான் அது தோன்றியது. வார்டுக் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியோடு உருட்டிவந்து, கீபோர்டுக்கு மொழி சேர்க்கும் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருந்தது. எறும்பு ஊர்ந்தது போலச் சில, கொடியில் துணி காயப்போட்டது போலச் சில. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்த்தினாள். நூறு தாண்டியிருக்கும். சட்டென்று அவள் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

"இதுவா அண்ணே?"

தலை ஆடியது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அவள் அதைச் சேர்த்தாள். எழுத்து விழும் இடத்தைக் காட்டி மினுங்கும் கோடு துள்ளித் திரையின் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. கெடுத்துவிட்டோமோ என்று அவளுக்குப் பகீரென்றது. அவரோ விரலை வலமிருந்து இடமாக இழுத்துக் காட்டினார். அவர்கள் எழுதுவதே அப்படித்தான்.

ஆனால் விசைகளில் அந்த எழுத்துகள் இல்லையே. எந்த எழுத்து எங்கே என்று காட்டும் படத்தை அச்செடுத்து, கட்டம் கட்டமாக வெட்டி, நர்ஸின் பிளாஸ்டரால் ஒட்டத் தொடங்கினாள். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு இவ்வளவு வேகமாக அவள் எதையும் வெட்டி ஒட்டியதில்லை. ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். அவரே பிய்த்துத் திருப்பி வைத்தார்.

முதலில் பெயரை அடிப்பார் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்திய வரிகளை அவள் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் போட்டாள்.

*தேனீ. நூற்றிருபது பெட்டி. வாசல் மூடியுள்ளது. வெயிலில் செத்துவிடும். திற.*

நர்ஸ் வாயில் கை வைத்தாள். அக்கா அதற்குள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஆமா மேடம், பின்னாடி ஏதோ இரையுது," என்றார் கான்ஸ்டபிள். "இன்ஜின் அணைக்கலையோன்னு ரெண்டு தடவ சாவியப் பாத்தேன்."

"அது தேனீங்க சார். உடனே திறந்துவிடணும்."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க மேடம்."

"இவரு சொல்லச் சொல்ல நான் சொல்றேன். அதுபடி செய்ங்க, ஒண்ணும் ஆகாது," என்றாள். ஆகாது என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனாலும் குரலில் ஒரு நடுக்கமில்லை. ஏழாம் படுக்கைக்காரரின் விரல் இப்போது தேடவில்லை, ஓடியது. முதலில் வண்டியை நிழலுக்குத் தள்ளு. தார்ப்பாயை அவிழ். தண்ணீர் தெளி. வாசலுக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில். பெட்டியைத் தட்டாதே. வரி வரியாக அவள் போனில் சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். போனுக்குள் வண்டி தள்ளுகிறவர்களின் கூச்சல், கயிறு உரசும் சத்தம், யாரோ வாளியை வைக்கும் ஓசை.

"மொத வாசல் திறந்தாச்சு மேடம். ஒண்ணும் வரல."

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் திறங்க," என்றாள்.

இரண்டாவது. மூன்றாவது. பிறகு போனுக்குள் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து, தடித்து, அவள் காதை நிறைத்தது. அவள் போனை எடுத்து அவர் காதில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாக அழுத்திய விசையிலிருந்து விரலை எடுக்க மறந்துபோயிருந்தார். ஒரே எழுத்து திரை முழுக்க வரிசை வரிசையாக நிரம்பிக்கொண்டிருந்தது.