ஒரே வீட்டுக் காய்ச்சல்

மிளகாய் வத்தல் வியாபாரி அசன் முகம்மதுவிடம் லேசில் யாரும் நல்ல பேர் வாங்கிவிட முடியாது. மூட்டையின் மேல்வாயில் இருக்கிற வத்தலை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து நாலு எடுத்து ஒடித்துப் பார்ப்பார். ஒடியாமல் வளைந்தால் போச்சு, கொண்டுவந்தவனின் பரம்பரையையே இழுத்துவிடுவார். விருதுநகரில் அந்தக் குணம் வியாபாரத்துக்கு நல்லதுதான், யார் இல்லையென்றது? குடும்பத்துக்குள்ளும் அதே கையை விட்டால்தான் வினை.

மூத்த மகள் சுமைரா இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பெண்பிள்ளை பெற்றிருந்தாள். நாற்பது நாள் கழிந்ததும் பிள்ளையோடு சிவகாசிக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதுதான் முறை. அசன் முகம்மது ஒரே பிடியாக நின்றார்.

"அனுப்ப மாட்டேன். ஒரு பிள்ளையக் குடுத்தது போதும்."

அவர் சொன்னது தலைப்பிள்ளை ரியாஸை. இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழையில், சிவகாசி வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். இன்ஃபுளுயன்சா என்றார்கள். மருமகன் தவுபிக்கின் அண்ணன் சாதிக் பாட்சாவுக்கும் ஒரு மகன் உண்டு. அவனும் ரியாஸும் ஒரே பாயில்தான் கிடந்தார்கள். அவன் எழுந்து ஓடி விளையாடினான். ரியாஸ் மதுரை ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டி மவுத்தாகிப் போனான். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பிள்ளை.

அந்த வீடு வேறு யார் வீடும் இல்லை, அசன் முகம்மதுவின் கூடப்பிறந்த தங்கை அமீனாவின் வீடு. அமீனாவின் இளைய மகன்தான் தவுபிக். மூத்தவன் சாதிக் பாட்சா சொந்தத்துக்கு வெளியில் பெண் எடுத்தபோது அதை ஒரு கல்யாணமாகவே மதிக்காதவர் அசன் முகம்மது. "தங்கச்சி மகன் இருக்கையில எம்மக எவன் வாசலுக்குப் போகணும்?" என்று ஒற்றைக்காலில் நின்று சுமைரா கல்யாணத்தை முடித்தவரும் அவரேதான்.

"ஒரே வீடு, ஒரே காய்ச்சல், ஒரே பாயி. எம்பேரன் மட்டும் ஏன் போனான்?"

கேள்வி நியாயமான கேள்விதான். பதிலைத்தான் மனுஷன் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார். அது தீபாவளி சீசன். தவுபிக் வீட்டுக்குப் பட்டாசுக் கடை. லோடு ஏற்றுகிற மும்முரத்தில் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். சாட்சிக்கு லோடுமேன் உக்கிரபாண்டியை ஒரு டீக்கடையில் வைத்து மடக்கினார்.

"அன்னைக்கு அமீனா எங்கன இருந்தா?"

"வாசல்ல நின்னாக மொதலாளி. லோடு ஏறிக்கிட்டு இருந்துச்சு."

போதாதா? வாசலில் நின்று பெட்டி எண்ணியிருக்கிறாள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். "ஆஸ்பத்திரி வண்டிக்குக் காத்து நின்னிருப்பாக" என்று மனைவி பாத்துமுத்து சொன்னதற்கு, "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரே வெட்டு. பிள்ளையின் மய்யத்து எடுத்த வீட்டில், அத்தனை சனம் கூடியிருக்கையில், "ஏவாரத்தப் பாத்து எம்பேரனக் கொன்னுட்டியேடி" என்று கத்தினாரே, அதையெல்லாம் என்ன சொல்ல! அமீனா வாயே திறக்கவில்லை. அவள் பேசாததையும் குற்றக் கணக்கிலேயே சேர்த்தார். அன்றோடு தங்கை வீட்டில் பச்சைத்தண்ணி குடிப்பதில்லை.

இளைய மகள் நாதியா பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். எலிகளுக்குக் காய்ச்சல் வரவைத்துப் பார்க்கிற வேலை. அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தவள், அத்தா சாப்பிட்டுக் கைகழுவும் வரை பொறுத்திருந்து பேச்சை எடுத்தாள்.

"அத்தா, எங்ககிட்ட ரெண்டு வக எலி இருக்கு. பாத்தா வித்தியாசமே தெரியாது. ஒரே கிருமிய ஒரே அளவுல ரெண்டு மூக்குலயும் விடுவோம். ஒண்ணு கொஞ்ச நாள் சுருண்டு கெடந்துட்டு எந்திரிச்சுத் திங்கும். இன்னொண்ணு முடி சிலுத்து, மெலிஞ்சு, செத்துப்போகும்."

"தீனி போடுறவன் யாரு?"

"என்னத்தா?"

"எலிக்குத் தீனி போடுறவன். ஒரு கூண்டுக்குக் கொறச்சுப் போட்டிருப்பான். விசாரிச்சியா?"

நாதியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ரெண்டையும் ஒரே கூண்டுல விட்டும் பாத்தாச்சு. ஒரே தீனி, ஒரே தண்ணி. சாகுறது சாகத்தான் செய்யுது. கோளாறு கூண்டுல இல்லத்தா, அதுக பெறப்புலயே இருக்கு."

அவருக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். கிருமி நுழைந்ததும் உடம்பு மில் சங்கு மாதிரி ஊதி எல்லாரையும் எழுப்ப வேண்டும். அதற்குப் பெற்றவர்கள் ஆளுக்கொன்றாக இரண்டு சங்கு கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கெட்டாலும் மற்றது ஊதும், ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. இரண்டும் கெட்டிருந்தால், நுரையீரல் நிறைந்த பிறகுதான் உடம்புக்கே விஷயம் தெரியும்.

"மனுசங்களுக்கும் அபூர்வமா அப்படி இருக்கு. மதுரையில ஒரு டாக்டர்ட்ட பேசியிருக்கேன். அக்காவும் மச்சானும் ரத்தம் குடுக்கட்டும். இந்தப் பிள்ளைக்கும் பாக்கணும்."

அசன் முகம்மதுவுக்கு உடனே மூக்கு வேர்த்தது. என் மகள் ரத்தத்தில் பழியைப் போட்டு அமீனாவைத் தப்பவைக்கப் பார்க்கிறார்கள்!

"அமீனா ஒனக்கு போன் போட்டாளா?"

"சத்தியமா இல்ல."

அவர் நம்பவில்லை. உள்ளறையிலிருந்து பிள்ளையும் கையுமாக வந்த சுமைரா, "நான் குடுக்கேன். எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள். அதற்கு மேல் அவரால் தடுக்க முடியவில்லை.

முடிவு வர நாளானது. நாற்பதும் கழிந்துபோனது, சுமைரா இன்னும் விருதுநகரில்தான் இருந்தாள். ஒருநாள் நாதியா வந்து சொன்னாள். "மச்சானுக்கு ஒண்ணு கெட்டிருக்கு."

"பாத்தியா! நான் சொல்லல?" என்று துள்ளினார்.

"அக்காவுக்கும் ஒண்ணு கெட்டிருக்குத்தா."

துள்ளல் நின்றது. பிறகு மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப இது ஒன் பக்கத்துலருந்துதான் வந்திருக்கும். ஒங்க அண்ணன் எப்பப் பாத்தாலும் இருமிக்கிட்டே திரிவாரு."

அடப் பாவி மனுஷா! பாத்துமுத்து கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்கு எடுங்க. அப்பிடியே ஒங்களுக்கும் எடுங்க."

"எடுக்கட்டும், எனக்கென்ன பயம்? அமீனாவுக்கு எடு, அவளக் கட்டுன மாப்பிள்ளைக்கும் எடு. ஒருத்தர் விடாம எடு. அப்பத் தெரியும் யாரு வண்டவாளம்னு."

எல்லோருக்கும் எடுத்தார்கள். பிள்ளைக்கு முதலில் எடுத்தது போதாமல், அதற்கும் மறுபடி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அவர் கடையில் இருந்தார். நாதியா போன் செய்தாள்.

"அத்தா, பிள்ளைக்கு ஒண்ணுதான் கெட்டிருக்கு. இன்னொண்ணு நல்லாருக்கு. அவளுக்கு ரியாஸுக்கு வந்த பயம் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கெட்டது யாரு பக்கத்துது?"

"அம்மாவுக்கு இல்ல. அமீனா மாமி மாப்பிள்ளைக்கும் இல்ல. ஒங்களுக்கு இருக்குத்தா, மாமிக்கும் இருக்கு. ஒங்க அத்தாவோ அம்மாவோ ஒங்க ரெண்டு பேருக்கும் குடுத்திருக்காக. நீங்க அக்காவுக்குக் குடுத்தீக, மாமி மச்சானுக்குக் குடுத்தாக. ரியாஸுக்கு ரெண்டும் சேந்திருக்கணும், மருந்து கேக்காததுக்கு வேற காரணம் இல்லைங்காரு டாக்டர்."

"கொஞ்சம் முந்திக் கொண்டுபோயிருந்தா..."

"காய்ச்சல் வந்த அன்னைக்கே கொண்டு போயிருக்காகத்தா. ஆஸ்பத்திரியிலயே கேட்டுட்டேன். யாரு மேலயும் தப்பு இல்ல. ஒங்க மேலயும் இல்ல."

ஒங்க மேலயும் இல்ல! இத்தனை பேரை வரிசையாக நிறுத்தி விசாரித்தவருக்கு, அந்த வரிசையில் தானும் நிற்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் சுமைராவையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குப் போனார். ரத்த முடிவை அமீனாவிடம் தானே சொல்லிக்கொள்வதாக நாதியாவிடம் சொல்லியிருந்தார். அமீனா ஏசுவாள், மய்யத்து வீட்டில் அவர் கேட்டதைத் திருப்பிக் கேட்பாள், கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். வழியெல்லாம் அதற்குத்தான் மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்த அமீனா பாதியாக இளைத்திருந்தாள். "வாங்கண்ணே" என்று ஒதுங்கி நின்றாள். அவர் உட்காரவில்லை. நின்ற நிலையிலேயே எலி, சங்கு, ரத்தம் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினார்.

"அப்ப நான் கொல்லலையாண்ணே?"

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீகள்ல. விசாரிக்காமச் சொல்ல மாட்டீகளேன்னு, நானும் என்னமோ தப்புப் பண்ணியிருக்கேன்னுதான் இருந்தேன். அன்னையிலருந்து சாதிக் மகனக்கூடத் தூக்குறதில்ல."

"நீ கொல்லல தாயி. சத்தியமா நீ கொல்லல."

அமீனா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவா? மக இங்கன வந்து வாழணுமேன்னு என்னயச் சமாதானப்படுத்தச் சொல்லலையே?"

இதற்கு மேல் எந்தச் சத்தியத்தைச் செய்வார்? சுமைராவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, அமீனாவிடம் நீட்டினார்.

"பிடி."

அமீனா இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். "கீழ விழாமப் பாத்துக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.