நீலப் பையில் ரொட்டி

ருவைதா எழுதிய திட்டம் அறுபத்திரண்டு பக்கம். கரக் மலைமேட்டின் பதினான்கு ஊர்களில் எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை வாய், ஒரு வாய்க்கு வாரத்துக்கு எத்தனை தயிர் டப்பா, எந்தச் சந்தில் லாரி திரும்பும், எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் என்பதுவரை அதில் இருந்தது. ரொட்டி மட்டும் இல்லை. மூன்று வேளையும் ரொட்டி தின்கிற ஊரில் பிறந்து, அதைத் தின்றே வளர்ந்து இன்ஜினியர் ஆனவளுக்கு, அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட ரொட்டிக்கு ஒதுக்கத் தோன்றவில்லை.

மற்றபடி நல்ல திட்டம்தான். டப்பாவும் பாட்டிலும் செய்து விற்கிற கம்பெனிகளே, அவை காலியான பிறகு வீடு வீடாக அள்ளிப் பிரிக்கிற செலவையும் ஏற்க வேண்டும் என்று புதிதாக விதி வந்திருந்தது. கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து தலைநகர் அம்மானில் ஒரு நிதியம் வைத்தன. எந்தப் பகுதிக்கு முதலில் லாரியும் கொட்டகையும் ஆட்களுக்குச் சம்பளமும் தருவது என்று நிதியம்தான் தீர்மானிக்கும். அதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். ஒரே ஓர் ஊரில் நான்கு வாரம், வீட்டுக்கு ஒரு நீலப் பை. டப்பா, பாட்டில், அட்டை, இவை மட்டும் அதில். கடைசி நாளில் முப்பது பைகளைப் பிரித்து எடை போடுவார்கள். ஆகாத பொருள் நூறு கிலோவுக்குப் பத்து கிலோவுக்குள் இருந்தால் பதினான்கு ஊருக்கும் திட்டம் உண்டு. தாண்டினால் பகுதியின் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். அடுத்த பட்டியல் ஐந்து வருடம் கழித்து.

ஐந்து வருடம் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு எண். ஃபித்தாவுக்கு அப்படி இல்லை.

ஃபித்தாவும் இன்னும் எட்டுப் பெண்களும் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் குப்பை மேட்டில் தகரமும் செம்பும் பொறுக்கிப் பிழைத்தவர்கள். அந்த மேட்டின் அடிவயிற்றில் எப்போதும் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும். மேலே சாம்பல்தான் தெரியும். காலை வைத்தால் செருப்பு இளகும், கையை விட்டால் தோல் போகும். ஃபித்தாவின் வலது உள்ளங்கையில் ரேகை என்று ஒன்று கிடையாது. இரண்டு வருடம் முன்பு ருவைதா கணக்கெடுக்கப் போனபோது, அந்தக் கையால்தான் ஒரு பால் டின்னில் டீ போட்டுக் கொடுத்தாள். ருவைதா அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டாள். திட்டத்தின் நாற்பத்தெட்டாம் பக்கத்தில் ஒன்பது பெண்களின் பெயரும் இருந்தது.

சோதனை ஊராக ருஜைலாவைத் தேர்ந்தெடுத்தது ருவைதாதான். அவளுடைய சொந்த ஊர், நானூறு வீடு, எல்லாரும் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை. பழைய எண்ணெய்ச் செக்குக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, ஃபித்தாவின் ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். மேலே கூரை, உள்ளே குழாய்த் தண்ணீர், ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை.

"நிழல்ல உக்காந்து குப்பை பிரிக்கிறதுக்குச் சம்பளமா? மகாராணி வேலை இன்ஜினியரம்மா!" என்று ஃபித்தா கையுறையை மாட்டி விரலை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "நாலு வாரம் கழிச்சு எங்கள எழுப்பி விட்டுற மாட்டீங்களே?"

"இன்ஷா அல்லாஹ், மாட்டோம்."

முதல் வாரத்துப் பைகள் வந்தன. பிரித்தார்கள். ரொட்டி. இன்னொன்றைப் பிரித்தார்கள். அதிலும் ரொட்டி. நேற்றைய ரொட்டி, பாதி கடித்த ரொட்டி, பூசணம் பிடித்த ரொட்டி, மாதுளைப் பழம் வைத்ததுபோல் பத்திரமாகத் தாளில் சுற்றிய ரொட்டி.

ருவைதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ருஜைலாவில் யாரும் ரொட்டியைக் குப்பையில் போட மாட்டார்கள். மீந்ததை முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, தனியாக ஒரு பையில் கட்டி, தெருக் குப்பைத் தொட்டியின் வெளிப்பக்கக் கொக்கியில் தொங்க விடுவார்கள். கோழி வைத்திருப்பவனோ ஆடு மேய்ப்பவனோ எடுத்துப் போவான். சோதனைக்காக அம்மானிலிருந்து புதுப் பச்சைத் தொட்டிகள் வந்திருந்தன. மூடி போட்டவை, வழுவழுவென்று, பார்க்க அழகு. கொக்கி இல்லை. வரைபடத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டது ருவைதா.

அவள் உடனே அச்சடித்து ஒட்டினாள்: நீலப் பையில் ரொட்டி போடாதீர்கள். மற்றதெல்லாம் பச்சைத் தொட்டிக்கு.

மறுநாள் அடுத்த தெரு உம்மு ஆயித் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு நேரே ருவைதாவின் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"பச்சத் தொட்டியில கோழிக் குடல் கெடக்கு. கொழந்தைங்க பீத்துணி கெடக்கு. அதுக்குள்ள ரொட்டியப் போடச் சொல்றியா?"

"மாமி, நான் அப்படிச் சொல்லல..."

"பின்ன எப்படி? 'மத்ததெல்லாம்'னு போட்ருக்கே. ரொட்டி மத்ததெல்லாம் ஆயிருச்சா? நீலப் பை சுத்தமா இருக்கு, அதனால அதுல வைக்கிறோம். உங்கம்மா உயிரோட இருந்தா ஒன் வாயில மொளகாயத் தேச்சிருப்பா."

வெள்ளிக்கிழமை இமாம் பெயர் சொல்லாமல், ஆண்டவனுடைய அருட்கொடையை அவமதிப்பவர்களைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லாததால் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிட்டது. அதுவரை ரொட்டியைக் கோழிக்குப் போட்டு வந்த வீடுகள்கூட, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று காட்ட நீலப் பையில் போடத் தொடங்கின. இரண்டாவது வாரம் ரொட்டி இரட்டிப்பானது. செக்குக் கட்டடத்தில் ஃபித்தாவின் ஆட்கள் டப்பாக்களை விட்டுவிட்டு ரொட்டியைத் துடைத்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதைக் குப்பையோடு திருப்பிப் போட மாட்டார்கள்.

ருவைதா அம்மானுக்குப் போன் செய்தாள். நிதியத்தின் சோதனை அதிகாரி லபீப் நிதானமான ஆள். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் அவரிடம் எரிச்சல்.

"கொக்கி போதும் அண்ணே. தொட்டிக்கு ரெண்டு கொக்கி. பட்டறைக்காரன் சும்மாவே வெல்டிங் வச்சுத் தர்றேங்கறான்."

"புரியுது உம்மு யஸன். ஆனா சோதனை ஓடிட்டிருக்கும்போது தொட்டியத் தொட்டா சோதனையே செல்லாது. இது எல்லாப் பகுதிக்கும் ஒரே விதி." ஊர் மரியாதைப்படி, மகன் பெயரை வைத்து 'யஸனின் அம்மா' என்றுதான் அவளை எப்போதும் கூப்பிடுவார்.

"உங்க வீட்ல ரொட்டிய எங்க போடுவீங்க?"

"எங்க வீட்டுக்காரி என்னமோ பண்ணுவா. நான் கேட்டதில்ல."

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று ருவைதா தன் காரை எடுத்தாள். தினமும் காலையில், அலுவலகத்துக்கு முன்னால், தெருமுனை தெருமுனையாக நின்று நானூறு வீட்டு ரொட்டியையும் வாங்கினாள். பின் இருக்கையில் நிரப்பி ஆட்டுக்காரர் அபூ நாயிஃபின் பட்டியில் கொண்டுபோய்க் கொட்டினாள். பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவளுக்கு ஊர் "ரொட்டிக்காரி" என்று பட்டம் கொடுத்தது. உம்மு ஆயித்தே வாசலில் நின்று, "ஏ ரொட்டிக்காரி, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா!" என்று அதட்டினாள்.

கணவன் தாமிர் காரில் ஏறினால் மூக்கைப் பிடித்துக்கொள்வான். "பி.எம்.டபிள்யூ கேட்டேன், ஆண்டவன் பேக்கரி குடுத்துட்டான்."

"சிரிக்காதீங்க. பத்துக்குள்ள வரணும்."

மூன்றாவது வாரம் நூற்றுக்குப் பதினெட்டு. நான்காவது வாரத்தின் நடுவில் ஒன்பது. ருவைதா செக்குக் கட்டடத்துக்குப் பின்னால் போய் யாரும் பார்க்காமல் அழுதாள், சந்தோஷத்தில்.

எடை போடுவது திங்கள். லபீப் ஞாயிறு மதியமே வந்து இறங்கினார். கரக் மேட்டுக்கு விருந்தாளி வந்தால் மன்சஃப் விருந்து வைக்காமல் அனுப்ப முடியாது. அதுவும் பதினான்கு ஊரின் தலையெழுத்தைப் பையில் வைத்திருக்கும் விருந்தாளி! தாமிர் விடியற்காலையே ஆடு அறுத்துவிட்டான். ருவைதாவுக்கு அன்றைக்கு ரொட்டிச் சுற்று போக நேரமில்லை. ஒரு நாள்தானே என்று விட்டாள்.

பெரிய தாம்பாளத்தில் காகிதம் போன்ற ஷ்ராக் ரொட்டியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சோறு, சோற்றின்மேல் இறைச்சி, அதன்மேல் சுடச்சுடத் தயிர்க் குழம்பு. லபீப் கையால் உருட்டிச் சாப்பிட்டார். தாமிர் நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"போதும் அபூ யஸன், போதும். இதுக்கு மேல திணிச்சா என்னையே எடை போட வேண்டியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று ருவைதாவுக்குப் பட்டது.

விருந்து முடிந்து அவள் தாம்பாளத்தை வழித்துக்கொண்டிருந்தபோது ஃபித்தாவின் போன். தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"இன்ஜினியரம்மா, பொண்ணுங்க கேட்டுக்கிட்டே இருக்காளுங்க. நாளையோட மேட்டுக்கு முழுக்குத்தானே? நான் சொல்லிரலாமா?"

"ஒன்பதுல நிக்குது ஃபித்தா. சொல்லிரு. நான் சொன்னேன்னே சொல்லு."

திங்கள் காலை செக்குக் கட்டடத்துக்குப் பைகள் வந்தன. ஒவ்வொரு பையிலும் வீட்டு எண் கட்டியிருந்தது. எந்த முப்பதைப் பிரிப்பது என்று லபீபின் கைக்கணினிதான் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்தது. பையைப் பிரித்ததுமே படம் பிடித்து, எடை விழுந்ததும் அதையும் சேர்த்து நேராக அம்மானுக்கு அனுப்பியது. அவர் ஒன்றும் தொட்டு மாற்ற முடியாது. இருபத்தொன்பது பைகள் முடிந்தபோது கணக்கு ஒன்பதரை.

"கடைசிப் பை," என்றார் லபீப். "நூத்திப் பதினேழு."

ஃபித்தா குலவையிட்டாள். மற்ற எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். கூரை அதிர்ந்தது. நூற்றுப் பதினேழு இன்ஜினியரம்மாவின் வீடு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஊரிலேயே சுத்தமான பை அதுவாகத்தானே இருக்க வேண்டும்.

லபீப் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு தயிர் டப்பா. ஒரு எண்ணெய்க் கேன். அதற்குக் கீழே, வெள்ளைப் பையில் கட்டி, நெய் மினுங்க, சோற்றுப் பருக்கை ஒட்டி, குழம்பில் ஊறிக் கனத்த ஷ்ராக் ரொட்டி.

குலவை ஒவ்வொரு வாயாக நின்றது.

ருவைதா முதலில் தாமிரைத்தான் நினைத்தாள். அவன்தான், அந்த மடையன்தான். பிறகு அவளுடைய கைகளுக்கு ஞாபகம் வந்தது. தோளில் போன், காதில் ஃபித்தாவின் குரல், "நான் சொன்னேன்னே சொல்லு" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தபோது, கைகள் தாம்பாளத்து ரொட்டியை வழித்து, முத்தமிட்டு, கட்டி, வீட்டிலேயே சுத்தமான இடத்தில் வைத்திருந்தன. ஊர் ரொட்டியையெல்லாம் வாங்கப் போனவளின் வீட்டு வாசலில் வந்து வாங்க ஆளில்லை.

லபீப் அந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதன் ஓரத்தில் அவர் கிள்ளி எடுத்த இடம்கூட இருந்திருக்கலாம். தான் தின்ற விருந்தின் மிச்சம் என்று அவருக்கும் தெரிந்தது. முகம் கறுத்துவிட்டது.

"உம்மு யஸன், பை பிரிச்சதுமே படம் போயிருச்சு," என்றார் மெதுவாக. "என் பிள்ளைங்க மேல சத்தியமா, என் கையில இல்ல."

"எனக்குத் தெரியும் அண்ணே."

அவர் அந்த ரொட்டியை இரு கையாலும் எடுத்தார். முத்தமிட்டார். நெற்றியில் ஒற்றினார். ஆகாத பொருளுக்கான தராசில் வைத்தார். இரண்டரைக் கிலோ. கணக்கு பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்றது.

ருவைதா ஏதேதோ சொன்னாள். மேல்முறையீடு என்றாள், அமைச்சகம் என்றாள், கடிதம் எழுதுகிறேன் என்றாள். லபீப் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுதலாம் என்றார். பதில் என்ன வரும் என்று இருவருக்குமே தெரியும். அவருடைய கார் போன பிறகு செக்குக் கட்டடத்தில் பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

ஃபித்தா தராசிலிருந்து ரொட்டியை எடுத்துச் சுவரில் பறவைகளுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். திரும்பி வந்தாள். அவள் தன்னைத் திட்ட வேண்டும் என்று ருவைதாவுக்கு இருந்தது. நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டால் நிற்பதற்காவது ஓர் இடம் கிடைக்கும்.

"திட்டு ஃபித்தா. வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லு."

"என்னத்தச் சொல்ல? ரொட்டிய நீங்க வேற எங்க வைப்பீங்க? நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்."

அவள் கையுறைகளைக் கழற்றினாள். குழாயடியில் கழுவி, உதறி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்தாள். மற்றவர்களும் கழற்றிக் கொடுத்தார்கள். ஒன்பது ஜோடியையும் ருவைதாவின் கையில் வைத்தாள். ருவைதா அவற்றைத் திருப்பி நீட்டினாள்.

"வச்சுக்கங்க. அது உங்களுக்குக் குடுத்தது. யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

"வேணாம் இன்ஜினியரம்மா. அங்க இத மாட்டிக்கிட்டுக் கைய விட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். வெறுங்கைன்னா வெடுக்குன்னு இழுத்துக்கலாம்."

பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு குப்பை மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள். ருவைதா ஈரக் கையுறைகளோடு வாசலில் நின்றாள்.