மேற்குச் சரிவு

கொனாரியா இரண்டு கிண்ணங்களில் பாலை ஊற்றித் தம்பி பக்கீசியோ முன் வைத்தாள். ஒன்று மேற்குச் சரிவில் மேய்ந்துவந்த செம்மறிகளின் பால். மற்றது, அவன் பாதி மந்தையைக் கொட்டகையில் அடைத்து மூட்டைத் தீவனம் போட்டுக் கறந்தது.

அவன் இரண்டையும் குடித்துப் பார்த்து உதட்டைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டும் பால்தானேக்கா?"

"உனக்கு வாயில இருக்கறது நாக்கா, செருப்புத் தோலா? இதுல காட்டுப் பூண்டு வாசம் வருது. அதுல மூட்டை வாசம்கூட வரல."

"கொட்டகை ஆடு அதிகமா கறக்குதே, அது தெரியலையா?"

"தண்ணியா கறக்குது."

பாலாடைக்கட்டி காய்ச்சுவது அவள் கை என்பதால் அவள் சொன்னதே நடந்தது. மொத்த மந்தையும் சரிவுக்குப் போனது. அந்த ஆண்டு அவள் செய்த கட்டிகள் அவளே வியக்கும்படி அமைந்தன. நுவோரோ நகரத்து வியாபாரி ஒன்றை வெட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, இருந்த அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

பிப்ரவரியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்த காலை, சரிவுக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் திதோரோ மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு.

"கொனாரியா, உங்க மலை என் முட்டைக்கோசு பாத்திக்கு விருந்து வந்திருக்கு. வந்து கூட்டிட்டுப் போறியாம்மா?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இருவரும் சரிவில் ஏறினார்கள். ஈரத்தில் மிதிபட்ட மண் செங்கல்போல் இறுகியிருந்தது. புல்லை ஆடுகள் வேர் மட்டம் வரை மேய்ந்திருந்தன. மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி, அடிவாரத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. பள்ளத்தின் அடியில் வெறும் பாறை. மாதக்கணக்காக இதே வழியாக ஆடுகளை ஓட்டிப்போனவள் அவள். பாலை முகர்ந்தாளே தவிர, காலடியைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பக்கீசியோ சொன்னான்: "பேசாம எல்லாத்தையும் உள்ள கட்டிருவோம்க்கா. சரிவு பொழைச்சுக்கும்."

"உன் மூட்டைத் தீவனம் வானத்துலருந்தா விழுது? எங்கயோ உழுது, கப்பல்ல ஏத்திக் கொண்டாராங்க. அங்க யார் தோட்டத்துல சேறு இறங்குதோ! நீ பாதி மந்தையை அடைச்சு வச்சப்ப கொட்டகைக்குப் பின்னால சாணித் தண்ணி ஓடைக்கு இறங்கினதையும் நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப என்னதான்க்கா பண்ணச் சொல்ற?"

 மேய்ச்சலில் குற்றமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. புல்லுக்கு மூச்சுவிட நேரம் தராமல் மேய்த்ததுதான் குற்றம். அது தெரிந்தபின் செய்யவேண்டியதும் தெரிந்துவிட்டது. வாயால் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"மந்தை பெருசுடா. கொறைக்கணும்."

மூன்றில் ஒரு பங்கை ஒலியேனா ஊரில் இருந்த சித்தப்பா மகனுக்குக் கொடுத்தார்கள். எதை அனுப்புவது என்று பொறுக்கிய நாளில் அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஆடுகளுக்காகச் சரிவை, இடம் மாற்றக்கூடிய கம்பி வேலியால் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டை மேய்ந்தால், புல் கணுக்காலைத் தொடும்வரை அந்தப் பக்கம் போகக்கூடாது. மழை நாளில் கொட்டகையும் சொந்த வைக்கோலும்தான்.

அடுத்த பருவத்தில் கட்டிகள் குறைந்தன. வியாபாரி முணுமுணுத்தான். "ருசி இருக்கும்மா, சரக்கு இல்லையே?"

"மலை அவ்வளவுதான் குடுக்குது," என்றாள்.

அதற்கடுத்த வசந்தத்தில் சரிவின் மேற்பாதியில் மணப்புல்லும் தீவனப் பயறும் அடர்ந்து வந்தன. அடிவாரப் பள்ளத்தில் எதுவும் முளைக்கவில்லை. மழைக்குத் திதோரோவின் பாத்தியில் இறங்கிய சேறு ஒரு கூடைக்குள் அடங்கியது. அவர் அதை அள்ளிக் கொண்டுவந்து பள்ளத்தின் ஓரத்தில் கொட்டினார்.

"உன் சொத்தும்மா, நான் எதுக்கு வச்சுக்கணும்?"

கொனாரியா குனிந்து அந்த மண்ணைக் கையால் பரப்பிவிட்டாள். இந்தப் பள்ளம் நிரம்பப் பல ஆயுள் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேலே பக்கீசியோ வேலியை அடுத்த துண்டுக்கு மாற்றிக்கொண்டே, கம்பியின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் கையைத் தட்டிக்கொண்டு ஏறினாள்.